எந்தத் தோட்டா, எத்தனை மீட்டர் என்பதையும் உத்தரவில் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்டுப்பன்றி பற்றி நாளிதழ்களில் வரும் கடிதங்கள் எல்லாம் இரண்டு கட்சியாக நிற்கின்றன. சுட விடு என்கிறது ஒன்று, விடாதே என்கிறது இன்னொன்று. நிலக்கடலையும் மரவள்ளியும் மக்காச்சோளமும் ஒரே ராத்திரியில் ஏர் ஓட்டியது போலக் கிளறிக் கிடப்பதைப் பார்த்தவர்களின் வயிற்றெரிச்சல் நியாயமானது. ஆனால் அனுமதி கிடைத்த பிறகு எந்தத் துப்பாக்கி, அதற்குள் எந்தத் தோட்டா, எத்தனை மீட்டரில் என்று ஒருவரும் கேட்பதில்லை. பன்றி நின்ற இடத்தில் விழுமா, வயிற்றில் ரவை என்னும் சிறு குண்டுகளை வாங்கிக்கொண்டு ஓடி மூன்றாம் நாள் புதருக்குள் கிடந்து சாகுமா, தப்பிய குண்டு பக்கத்துத் தோட்டத்துச் சாளை வீட்டுக்குள் போகுமா என்பதெல்லாம் இந்த மூன்று கேள்விக்குள்தான் இருக்கிறது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் விவசாயி தன் கையால் பன்றியைச் சுட வழியில்லை. 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை சுடக்கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். வாளையாறு தாண்டினால் ஏற்பாடு வேறு. கேரளத்தில் 2022 மே மாதத்திலிருந்து உள்ளாட்சித் தலைவருக்கே கௌரவ வன உயிரினக் காப்பாளர் அதிகாரம் கொடுத்து, உரிமம் வைத்திருக்கும் துப்பாக்கிக்காரரைக் கொண்டு சுட உத்தரவிடலாம் என்று ஆக்கினார்கள். விஷம், வெடி, மின்கம்பி எதுவும் கூடாது. பாலக்காட்டுச் சித்தூர், மறையூர், வட்டவடைப் பக்கத்துத் தமிழ் விவசாயிகளுக்கும் இதுதான் விதி. இரண்டு மாநிலத்துக்கும் அடிப்படை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு. பயிரை அழிக்கும் விலங்கைக் கொல்ல, காரணம் காட்டி, எழுத்தில் உத்தரவு வேண்டும் என்கிறது அது. எழுத்தில் கொடுக்கும் உத்தரவில் நாலு வரி கூடுதலாக எழுதினால் என்ன என்பதுதான் என் கேள்வி.

உரிமப் புத்தகங்களில் பெரும்பாலும் டி.பி.பி.எல். அல்லது எஸ்.பி.பி.எல். என்று இருக்கும். முன்னது 12 போர் (போர் என்பது குழலின் உள்ளளவு) இரட்டைக்குழல், பின்னது ஒற்றைக்குழல். எஸ்.பி.எம்.எல். என்றால் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே 13ஆம் பிரிவில் பயிர்க்காவலுக்கு என்று இந்தக் கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான் சொல்கிறது. வெடிச் சத்தத்தால் பன்றியை விரட்ட அது போதும். கொல்ல அது ஏற்ற கருவி இல்லை. கரிமருந்து ஈரத்தை இழுக்கும். கேப் வெடித்து மருந்து ஒரு நொடி தாமதித்துப் பற்றும். அந்த நொடியில் குழல் நகர்ந்திருக்கும். புகை கலைவதற்குள் பன்றி எங்கே போனது என்று தெரியாது. மறுபடி கெட்டிக்க ஆகும் நேரத்தில் அடிபட்ட பன்றி ஆள்மேல் பாய்ந்துவிடும். பால்ரஸ் குண்டு போட்டுக் கள்ளத்தனமாகச் சுடும் நாட்டுத் துப்பாக்கியைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. எஃகு ரவை குழலைக் கீறும், பாறையில் பட்டால் எந்தத் திசைக்கும் தெறிக்கும்.

ஆகவே 12 போர்தான். அதிலும் இரட்டைக்குழல். இரண்டாவது தோட்டா விரலடியில் தயாராக இருப்பதற்காக அல்ல, தேவைப்பட்டால் முதல் தோட்டா செய்த தவற்றை உடனே முடித்துவைப்பதற்காக. வழக்கமான டி.பி.பி.எல்.லில் முன்விசை வலது குழலையும் பின்விசை இடது குழலையும் இயக்கும். வலதில் சோக் குறைவு, இடதில் சோக் அதிகம். சோக் என்பது குழலின் வாயருகே உள்ள நெருக்கம்: முழுச் சோக் என்றால் ஏறக்குறைய 1 மி.மீ., அரைச் சோக் என்றால் அதில் பாதி. 12 போரின் உள்விட்டம் 18.5 மி.மீ. என்பதோடு ஒப்பிட்டால் மயிரளவு வித்தியாசம்தான். ஆனால் ரவை விரிவதை அதுதான் அடக்குகிறது.

இனி தோட்டா. பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. கையில் இருப்பதைப் போட்டுச் சுடுகிறார்கள். 4ஆம் நம்பர் ரவை 3.1 மி.மீ. விட்டம், ஓர் அவுன்ஸில் 170 வரை இருக்கும். அது பறவைக்குச் செய்தது. எஸ்.ஜி. ரவை 8.4 மி.மீ.; ஒவ்வொன்றும் 3.5 கிராம், ஒரு தோட்டாவில் ஒன்பது. எடையில் 4ஆம் நம்பர் எஸ்.ஜி.யின் இருபதில் ஒரு பங்கு. வளர்ந்த ஆண்பன்றியின் தோள்பட்டையில் தோலுக்கு அடியில் குருத்தெலும்பு போல ஒரு கனத்த கவசம் உண்டு. மேலே சேறும் மரப்பாலும் காய்ந்து பலகை மாதிரி இருக்கும். சின்ன ரவை அந்தக் கவசத்தில் தங்கிவிடும். பன்றி சாகாது, சீழ் வைத்துத் திரியும். பி.பி., ட்ரிபிள் ஏ என்னும் ரவைகள் இரண்டும் 4ஆம் நம்பருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். எஸ்.ஜி.க்குக் கீழே எதையும் பன்றிமேல் சுட அனுமதிக்கக்கூடாது. எல்.ஜி. இன்னும் பெரிய ரவை, எண்ணிக்கையில் குறைவு. முழுச் சோக்கில் எல்.ஜி. நெருக்குண்டு உருக்குலைந்து கன்னாபின்னாவென்று போகிற குழல்களும் உண்டு, அழகாகப் போகிற குழல்களும் உண்டு. சுட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஒற்றைக் குண்டுத் தோட்டாவைச் சோக் உள்ள குழலில் போடுவதென்றால், சோக்குக்கு ஏற்றது என்று தொழிற்சாலையே அட்டையில் அச்சிட்டிருக்க வேண்டும்.

தோட்டாவின் நீளம் என்று ஒன்று இருக்கிறது. இதைப் பலர் பார்ப்பதே இல்லை. தாத்தா காலத்து இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மி.மீ.; இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70 மி.மீ. தோட்டா. சுடாத 70 மி.மீ. தோட்டா அந்த அறைக்குள் தடையில்லாமல் நுழைந்துவிடும், ஏனென்றால் அச்சிட்டிருப்பது சுட்ட பிறகு மடிப்பு விரிந்த நீளம். சுடும்போது விரியும் வாய் அறையைத் தாண்டிக் குறுகும் இடத்தில் போய் நெருக்கும், அழுத்தம் கூடும். ஒருநாள் ஒன்றும் ஆகாது. பத்தாம் நாள் பூட்டு தளரும். குழலின் அடியில் 65 அல்லது இரண்டரை அங்குலம் என்று வெட்டியிருந்தால் அந்த நீளத் தோட்டாதான். குழலின் மேல் பாம்புத்தோல் போலக் கோடு ஓடும் டமாஸ்கஸ் குழல்களில் இன்றைய தோட்டாவைப் போடவே வேண்டாம். அவற்றைக் காட்சிக்கு வைக்கலாம்.

"எஸ்.ஜி. விரிந்து போகும், குறி பார்க்க வேண்டாம்" என்ற பேச்சைப் போலக் கெடுதல் செய்தது வேறில்லை. ஒன்பது ரவை விரிந்து போனால் ஒன்பதும் தனித்தனி. பன்றியின் உயிர்நிலை, அதாவது இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம், ஏறக்குறைய ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. ஆறு ரவையாவது அந்தத் தட்டுக்குள் விழ வேண்டும். உங்கள் துப்பாக்கி எத்தனை மீட்டர் வரை ஆறு ரவையைத் தட்டுக்குள் போடும் என்பது துப்பாக்கியின் விலையைப் பார்த்தால் தெரியாது. தாளில் சுட்டால்தான் தெரியும்.

சோதனை எளிது. அனுமதி பெற்ற ரைபிள் கிளப் மைதானத்தில்தான் செய்ய வேண்டும், வயலில் அல்ல. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் தாள். பெரிய சுவரொட்டியின் பின்பக்கமே போதும். நடுவில் 25 செ.மீ. எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்து, மையத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. 10 மீட்டரில் தொடங்கி, மணல்மூட்டை மேல் முன்கட்டையைச் சாய்த்து, வலது குழலால் ஒன்று. துளைகளை எண்ணி, தாளின் மூலையில் தூரம், குழல், தோட்டாவின் பெயர் மூன்றையும் எழுதுங்கள். புதுத் தாள், 15 மீட்டர். பிறகு 20. ஆறுக்குக் குறைந்த தூரத்தில் நிறுத்திவிட்டு, அதற்கு முந்தின தூரமே அந்தக் குழலின் எல்லை என்று வையுங்கள். இடது குழலுக்கும் இப்படியே, 15 மீட்டரிலிருந்து தொடங்கலாம். சோக் இல்லாத குழலுக்கு 15 மீட்டரே அதிகம். நல்ல முழுச் சோக் 25 வரை தாங்கலாம். 30 மீட்டருக்கு அப்பால் எஸ்.ஜி. சுடுவது குருட்டாம்போக்கு. இன்னொன்றும் தாளில் தெரியும்: சில துப்பாக்கிகளில் இரண்டு குழலும் ஒரே இடத்தில் அடிக்காது. வலது குழலின் ரவைக் கூட்டம் ஒரு சாண் இடப்பக்கம் விழுந்தால், அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் தாள். பன்றியின் குடல் அல்ல. கண்டுபிடித்த தூரத்தை ஒரு வெள்ளை நாடாவில் எழுதி அடிக்கட்டையின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள்: வ 15, இ 25. இருட்டில் தடுமாறும்போது அந்த இரண்டு எண்ணும் நினைவுக்கு வரும்.

துப்பாக்கியின் நிலையைப் பார்க்காமல் இந்தச் சோதனைக்கே போகக்கூடாது. தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்த பிறகு, முன்கட்டையைக் கழற்றி, துப்பாக்கியை மூடிய நிலையில் அடிக்கட்டையைப் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் பூட்டு தேய்ந்துவிட்டது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, குழலின் பின்முனைக்கும் பிரீச் முகத்துக்கும் (தோட்டாவின் பின்பக்கம் சாயும் இரும்புச் சுவர்) நடுவில் வெளிச்சக்கீற்று தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் சுட வேண்டாம். குழல்களை மட்டும் தனியே எடுத்து, அடியிலுள்ள கொக்கியில் விரல் கொடுத்துத் தொங்கவிட்டு, நகத்தால் சுண்டினால் வெண்கல மணி மாதிரி இழுத்துச் சத்தம் வர வேண்டும். பொத்தென்று அடங்கினால் இரண்டு குழலையும் சேர்க்கும் பட்டையில் ஈயப்பற்று விட்டிருக்கிறது. குழலுக்குள் பார்க்கும்போது வளையம் போல ஒரு நிழல் தெரிந்தால், அது எப்போதோ அடைப்போடு சுட்டு உப்பிய இடம்.

அடைப்பு எங்கிருந்து வருகிறது? சேற்றில் குழலை ஊன்றுவதிலிருந்து. சுவரில் மாட்டிய துப்பாக்கியின் வாயில் குளவி மண்கூடு கட்டுவதிலிருந்து. முந்தைய தோட்டா சரியாக எரியாமல், மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் இருக்கும் தக்கை குழலின் பாதியில் நின்றுபோவதிலிருந்து. இவற்றோடு தேர்தலையும் சேர்க்க வேண்டும். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். மாதக்கணக்கில் அறையில் கிடந்து துருவேறித் திரும்புகிறது. துருவுக்குப் பயந்து குழலுக்குள் கிரீஸை அப்பிக் கொடுக்கிறார்கள் சிலர். திரும்பி வந்ததும் அதைத் துடைக்காமல் சுட்டால் அந்தக் கிரீஸே அடைப்பு. கொடுக்கும்போது மெல்லிய எண்ணெய்த் துணியை ஒருமுறை ஓட்டினால் போதும். வாங்கியதும் சுத்தத் துணி இரண்டு ஓட்டி, குழல் வழியே வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் தோட்டா.

தோட்டாவும் கெடும். மழைக்காலத்தில் காகிதக்கூடு உப்பி அறைக்குள் பாதியில் சிக்கும். அடித்து நுழைக்காதீர்கள். பித்தளை விளிம்பில் பச்சை படர்ந்தால் ஒதுக்கிவிடுங்கள். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்கக்கூடாது: குழலை மண்ணை நோக்கி வைத்தபடி 30 நொடி எண்ணிவிட்டுத் திறக்க வேண்டும். வெடிச் சத்தம் புஸ்ஸென்று குறைவாகக் கேட்டால், அடுத்த தோட்டாவுக்கு முன் குழல் வழியே பார்த்தே ஆக வேண்டும்.

அடிக்கட்டையின் நீளத்தைப் பற்றி ஒரே வார்த்தை. இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பல பதினாலரை அங்குலம். நம் உயரத்துக்கு அது நீளம். தூக்கும்போது அக்குளில் மாட்டிக்கொள்ளும், கன்னம் சரியாக உட்காராது, குறி தவறும். பதின்மூன்றரைக்கு வெட்டி ஒரு ரப்பர் பேட் வைத்தால் எஸ்.ஜி.யின் உதையும் தாங்கும்.

.315 ரைபிள் பற்றிக் கேட்கிறார்கள். ஈஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையின் போல்ட் துப்பாக்கி, நம்பகமானது. .303 தடைசெய்யப்பட்ட போர், அது தனியாருக்குச் சாதாரணமாகக் கிடைக்காது; .315 கிடைக்கும். பன்றியைக் கொல்லும் திறனில் 12 போரைவிட இது மேல். ஒரே குண்டு, துல்லியம், 50 மீட்டரில் குறி சரிசெய்து வைத்தால் பன்றியின் முழங்கை மடிப்பில் வைக்கலாம். பட்டதும் முனை விரியும் மென்முனைத் தோட்டாவே வேண்டும். குண்டை உலோக உறை மூடியிருக்கும் முழுக்கவசத் தோட்டா பன்றியைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். ஆனால் தப்பிய ரைபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும். எஸ்.ஜி. ரவையே 600 மீட்டர் வரை போய் விழக்கூடியது. ஆகவே மலைச்சரிவில், பன்றிக்குப் பின்னால் கல் இல்லாத மண்திட்டு இருக்கும் இடத்தில் மட்டும் ரைபிள். பொள்ளாச்சி, சித்தூர் பக்கத்துச் சமதரைத் தென்னந்தோப்பில், வேலிக்கு வேலி சாளை இருக்கும் இடத்தில் ரைபிளை எடுக்கவே கூடாது. கனமான குண்டு கரும்பையும் சோளத்தட்டையையும் ஊடுருவி நேராகப் போகும் என்பதும் பொய். தட்டையில் பட்டால் எந்தக் குண்டும் திசை மாறும்.

சமதரைக்குத் தீர்வு பரண். கணக்கு எளிது. தரையில் நின்று 25 மீட்டரில் உள்ள பன்றியின் விலாவைச் சுட்டால், தப்பிய ரவை அதற்கப்பால் 14 மீட்டர் போன பிறகே மண்ணைத் தொடும், அதுவும் சரிந்து பட்டு மேலே தெறிக்கும் கோணத்தில். 3 மீட்டர் உயரப் பரணில் உட்கார்ந்து சுட்டால் 4 மீட்டருக்குள் மண்ணில் புதைந்துவிடும். காட்டுக்காவலுக்குப் பரண் கட்டுவது நமக்குப் புதிதல்ல. நாலு சவுக்குக் கழியும் ஒரு நாள் கூலியும்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் துப்பாக்கியில் தோட்டா இருக்கக்கூடாது. காலியாகக் கயிற்றில் கட்டி மேலே இழுங்கள்.

விளக்கு தலையில் அல்ல, குழலுக்கு அடியில் இருக்க வேண்டும். தலைவிளக்கின் ஒளி குழலின் மேல் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசும், குழல் நுனியில் குறி பார்க்க உதவும் முன்குமிழ் மறையும். கிளிப் போட்டு முன்கட்டைக்கு முன்னால், குழலின் அடியில் ஓர் எல்.இ.டி. டார்ச். மஞ்சள் பல்பு இரண்டு உதைக்குமேல் தாங்காது. சிவப்புக் கண்ணாடி போட்டால் பன்றிக்கு அந்த நிறம் சரியாகத் தெரியாது, கலையாமல் நிற்கும். ஆனால் சிவப்பு வெளிச்சத்தில் நமக்கும் உருவம் மங்கும். அதனால் முதலில் வெள்ளை வெளிச்சத்தில் அது பன்றிதானா, பின்னால் மாடோ நாயோ ஆளோ இல்லையா என்று பார்த்தாக வேண்டும். கண் மினுங்குவதை மட்டும் பார்த்துச் சுடுகிறவன் கையில் துப்பாக்கி கொடுக்கக்கூடாது. டார்ச் பிடிக்க உதவியாள் வந்தால் அவர் இடம் சுடுபவரின் தோளுக்குப் பின்னால்.

குறி எங்கே? பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும். முன்காலின் பின்விளிம்பில் நேராக மேலே போய், அடிவயிற்றிலிருந்து உடலுயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. பிடரிமயிர் நிமிர்ந்திருப்பதால் பன்றி உண்மையைவிட உயரமாகத் தெரியும். முதுகெலும்பும் தோளுக்கு நடுவில் தாழ்ந்து ஓடும். நடு உடம்பில் குறிவைத்தால் நுரையீரலுக்கு மேலே போய்விடும். குட்டியோடு நிற்கும் தாயைச் சுட வேண்டாம். குட்டிகள் பட்டினியில் சாகும். அடிபட்டு ஓடினால் அரைமணி நேரம் பரணிலேயே இருங்கள். இறங்கிப் பார்க்கும்போது ரத்தம் இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல், அருகிலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். பச்சையும் நாற்றமும் கலந்திருந்தால் குடல். அந்த இருட்டில் பின்தொடரக்கூடாது. விடிந்ததும் இரண்டு பேர், இரண்டு குழலிலும் எஸ்.ஜி.யோடு, ஒருவர் தடம் பார்க்க ஒருவர் புதர் பார்க்க.

கேரளத்து உள்ளாட்சித் தலைவர்களுக்கும் தமிழ்நாட்டு வனத்துறைக்கும் தங்கள் நாளிதழ் வழியாக நான் வைக்கும் கோரிக்கை இது. உத்தரவில் "உரிமம் பெற்ற துப்பாக்கி" என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள். 12 போரானால் எஸ்.ஜி.க்குக் குறையாத தோட்டா, துப்பாக்கியின் அறை நீளத்துக்குப் பொருந்தியது; தாள் சோதனையில் தெரிந்த தூரத்துக்கு மேல் சுடக்கூடாது; சமதரையில் பரண் கட்டாயம்; ரைபிளானால் மண்திட்டு எங்கே என்று சர்வே எண்ணோடு குறிக்க வேண்டும். சோதனைத் தாள்களை, துளைகளோடு, தேதியும் துப்பாக்கி எண்ணும் எழுதி, உத்தரவோடு இணைத்து வையுங்கள். ஒருவரைப் பட்டியலில் சேர்க்கும் முன் அந்தத் தாள் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக வேண்டும். சோதனைக்கு ஒரு குழலுக்கு மூன்று வீதம் ஆறு தோட்டா செலவாகும். இப்போது உரிமத்தில் எழுதிய எண்ணிக்கையிலிருந்து அது கழிவதால், உள்ள தோட்டாவைச் சேமிக்க நினைத்து யாரும் தாளில் சுட்டுப் பார்ப்பதில்லை. அந்த ஆறு தோட்டாவைக் கணக்கில் சேர்க்காமல் தனியாக வாங்கிக்கொள்ள உரிமம் வழங்கும் அதிகாரிகள் அனுமதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
துப்பாக்கி பழுதுபார்க்கும் வாசகர்,
பொள்ளாச்சி.